மனிதக் கைகளால் இயலக்கூடிய வேகம்

ஒன்பதாம் மாடிக்கும் பத்தாம் மாடிக்கும் இடையில், லிஃப்டுப் பெட்டியின் கூரைமேல் நின்று, இழுவைக் கம்பிகளில் அறுந்த இழைகளை அவள் எண்ணிக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் கைப்பேசி மூன்று முறை துடித்தது. எடுக்கவில்லை. எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து எண்ண வேண்டும். தவிர, லிஃப்டு ஓடும் குழிக்குள் கைப்பேசியைத் தொடுவதில்லை என்பது இருபத்திரண்டு ஆண்டுகளாக அவள் மீறாத விதி. அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் லிஃப்டக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும் அக்காதான்.

இழைகளை எண்ணி முடித்து, குறிப்பேட்டில் எழுதி, மொட்டைமாடியிலிருந்த இயந்திர அறைக்கு ஏறிய பிறகே செய்தியைத் திறந்தாள். வெளிநாட்டில் குடியேறிவிட்ட பழைய கிட்டார்காரன் எழுதியிருந்தான். "பாத்தியா? நம்ம காசெட்டு நெட்ல! உலகப் புகழ் ஆயிட்டோம்டி!" கீழே ஓர் இணைப்பு.

கதவடைப்பு என்பது அவர்கள் நால்வரும் இருபத்தோரு வயதில் நடத்திய ஹார்ட்கோர் பங்க் குழு. அந்த இசையைக் கேளாதவர்களுக்கு இவ்வளவு சொன்னால் போதும்: பாட்டு தொடங்கிவிட்டதே என்று நிமிர்வதற்குள் முடிந்துவிடும்; பாடுபவர் பாடமாட்டார், கத்துவார்; டிரம்ஸ் அடிப்பவர் மற்ற மூவரையும் பின்னாலிருந்து துரத்துவார். ஒன்பது பாட்டு, மொத்தம் பதினொரு நிமிடம். கார் பழுதுபார்க்கும் கொட்டகை ஒன்றில் ஒரே பிற்பகலில் பதிவுசெய்து, நாற்பது காசெட்டுகளில் நகலெடுத்து, கையெழுத்தில் அட்டை செய்து, கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் கொடுத்துத் தீர்த்தார்கள். அட்டையில் பட்டப்பெயர்கள் மட்டுமே இருந்தன. கத்தியவள் கீரி. துரத்தியவளுக்கு அந்நாளில் இடி என்று பெயர். அவள்தான் இப்போது எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துவிட்டுக் காதுப்பொறியை மாட்டிக்கொண்டாள்.

காதில் விழுந்தது அவர்களுடைய பாட்டாகவும் இருந்தது, இல்லாமலும் இருந்தது. பாரவண்டியை மேட்டில் தள்ளிக்கொண்டு போவதுபோல் தாளம் மூச்சு வாங்கியது. கீரியின் குரல் வரவேண்டிய இடத்தில் தொண்டை கட்டிய ஓர் ஆள் கத்திக்கொண்டிருந்தான். காதுப்பொறிதான் கெட்டுவிட்டது போலும் என்று கழற்றி ஊதிப் பார்த்தாள். பிறகு, கீழே இருந்த குறிப்பைப் படித்தாள்.

பழைய காசெட்டுகளைத் தேடி இணையத்தில் ஏற்றுபவர் ஒருவர், தூசிதட்டி என்ற புனைபெயரில், அக்கறையாகவே எழுதியிருந்தார். பழைய சாமான் கடையொன்றில் கிடைத்த அரிய பொக்கிஷம். நான்கு கோபக்கார இளைஞர்கள். கரகரத்த ஆண்குரலின் ஆவேசம். இறுதியில் ஒரு வரி: ‘மூல நாடா இயல்புக்கு மீறிய வேகத்தில் பதிவாகியிருந்தமையால், மனிதக் கைகளால் இயலக்கூடிய வேகத்துக்குச் சரிசெய்திருக்கிறேன்.’

அவள் அந்த வரியை மூன்று முறை படித்தாள். நாடாவை மெதுவாக ஓட்டினால் பெண்குரலும் ஆண்குரலாகத் தடித்துவிடும். அதன் கீழே நானூற்றுச் சொச்சம் பேர் பாராட்டியிருந்தார்கள். ‘டிரம்ஸ் அண்ணனுக்குக் கோயில் கட்டலாம்.’ ‘இந்தப் பசங்க இப்ப எங்க இருக்காங்களோ?’ பசங்களில் ஒருத்தி இயந்திர அறையில், வாயில் திருப்புளியைக் கவ்வியபடி, நின்றுகொண்டிருந்தாள்.

"மெதுவா இருக்கே, கேட்டியா?" என்று கிட்டார்காரனுக்கு எழுதினாள்.

"அதனால என்ன? இப்பதான் வார்த்தையே புரியுது."

"கீரியும் நானும் ஆம்பளையாயிட்டோம்."

அவன் சிரிக்கும் முகங்கள் ஆறு அனுப்பினான். "விடுடி. பேரு வந்துச்சுல்ல."

யாருக்கு வந்தது என்று அவள் கேட்கவில்லை. அந்த வேகம் வானத்திலிருந்து விழுந்ததன்று. இரண்டு ஆண்டுகள், நாள்தோறும் விடிகாலையில், பழைய டயர்த் துண்டின்மேல் குச்சிகளால் அடித்துப் பழகியது. மணிக்கட்டு வீங்கி, தேர்வறையில் பேனா பிடிக்க முடியாமல் இடக்கையால் வலக்கையைத் தாங்கிக்கொண்டு எழுதியிருக்கிறாள். அந்தத் தாளில் தோற்றுமிருக்கிறாள். தவறென்று எவரும் சொல்லாத ஒன்றைச் சரிசெய்பவரை என்னவென்று அழைப்பது?

இணையதளத்தில் தூசிதட்டியின் எண் இருந்தது. அழைத்தாள்.

"கதவடைப்பு காசெட்டு விஷயமா பேசறேன்."

"ஓ! சொல்லுங்க மேடம். எவ்வளவு பேர் விசாரிக்கிறாங்க தெரியுமா! நீங்க அந்த பேண்டுல யாரோட வீட்டுக்காரம்மா?"

"டிரம்ஸோட வீட்டுக்காரம்மா."

"அப்படியா! சார் இருக்காரா? ரெண்டு வார்த்தை பேசலாமா?"

"சார் யாரும் இல்ல. டிரம்ஸுக்கே வாக்கப்பட்டவ நான். அடிச்சது நான்தான்."

மறுமுனையில் குழந்தைக்கு மருந்து ஊட்டுபவரின் பொறுமை. "இருக்கலாம் மேடம். ஆனா இருபது வருஷமா நான் இதே வேலையா இருக்கேன். அந்தக் காலத்து டேப் டெக்கெல்லாம் வேகமா ஓடிப்போற ரகம். அந்த வேகத்துல ஆம்பளையே அடிக்க முடியாது."

"ஆம்பளை முடியாதுன்னா அது அவங்க கஷ்டம். நான் அடிச்சேன்."

"கோவப்படாதீங்க. ஞாபகம்ங்கறது அப்படித்தான், நமக்கு வேண்டிய மாதிரி ஓடும். ஆதாரம் ஏதாவது இருந்தா அனுப்புங்க, பாப்போம்."

ஆதாரம். அழைப்பைத் துண்டித்துவிட்டு யோசித்துப் பார்த்தாள். புகைப்படம் ஒன்றுகூட இல்லை. கொட்டகை இடிந்து எத்தனையோ காலமாயிற்று. அவளிடமிருந்த காசெட்டு எந்த வீடு மாற்றத்திலோ தொலைந்தது. உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பார்கள். மத்தளத்தை அடித்தவளுக்கு எத்தனை பக்கம் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை.

மறுபடி முதல் பாட்டை ஓடவிட்டாள். குச்சியைத் தட்டி நான்கு எண்ணுவதற்குமுன் இரண்டு நொடி வெறும் முனகல். கிட்டார்காரனின் ஆம்ப்ளிஃபயருக்கு எர்த் கம்பி இணைக்காததால் வந்த மின்சார முனகல் அது. அன்று அதற்காக அவனை எல்லோரும் திட்டினார்கள். இன்று அவள் காதுப்பொறி ஒன்றைக் கழற்றினாள். இயந்திர அறையின் மின்மாற்றி முனகியது. ஒரு காதில் அது, மறு காதில் இது. இரண்டும் ஒட்டவில்லை. பாட்டிலிருந்த முனகல் தாழ்ந்து, நோயாளியைப்போல் படுத்திருந்தது.

மோட்டார் அதிர்வைச் சோதிக்கும் செயலி அவள் கைப்பேசியில் இருந்தது. அறையின் முனகலைப் பிடித்துப் பார்த்தாள்: நொடிக்கு ஐம்பது அதிர்வு. பாட்டின் முனகல்: நாற்பத்தொன்று.

இரண்டு அளவுகளையும் படமெடுத்து அனுப்பி, குரல்செய்தியும் பேசினாள். "டெக்கு ஓடிப்போகும், ஞாபகம் ஓடிப்போகும், சரி. கரண்டு ஓடாது. என் வீட்டுலயும் அம்பது, உங்க வீட்டுலயும் அம்பது. நீங்க கை வைக்காத பதிவுல அந்த முனகலை அளந்து பாருங்க. அம்பது வந்துச்சுன்னா, அதுதான் என் வேகம். வேற வந்துச்சுன்னா, இனிமே உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

மறுநாள் மாலை பதில் வந்தது. பேச்சில்லை, எழுத்து மட்டும். ‘ஐம்பதேதான். மன்னிக்கவும். கை வைக்காத பதிவை இணைத்திருக்கிறேன். நீங்கள் சரி என்று எழுதினால் இதையே ஏற்றிவிடுகிறேன். உங்கள் பெயரையும் பாடிய பெண்ணின் பெயரையும் தாருங்கள்.’

அவள் உடனே எழுதியிருப்பாள். எழுதத் தொடங்கியும்விட்டாள். கீரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று தோன்றியதுதான் வினை.

கீரி இப்போது ஒரு பெண்கள் பள்ளியின் துணைத் தலைமையாசிரியை. பள்ளி தொடங்கும் நேரத்தில் லிஃப்டக்கா போய்ச் சேர்ந்தபோது, அவள் வாயிலருகே, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையோடு, உள்ளே வரும் சிறுமிகளின் காலுறை உயரத்தைப் பார்வையாலேயே அளந்துகொண்டிருந்தாள். கதவடைப்பின் மூன்றாம் பாட்டு, அவர்கள் படித்த பள்ளியின் வாயிலில் இதே வேலையைச் செய்த ஒருவரைப் பற்றியது. அதைச் சொல்லிக்காட்ட லிஃப்டக்காவின் நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டாள்.

அலுவலகச் சுவருக்குக் காது உண்டென்று கீரி தன் காருக்குள் அழைத்துப்போய்க் கண்ணாடிகளை ஏற்றினாள். முழுக்கதையையும் கேட்டாள். நடுவில் ஒரு முறை, ‘வீட்டுக்காரம்மா’ வந்தபோது, வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு சொன்னாள்:

"வேண்டாண்டி. ஆம்பளைக் குரலாவே இருந்துட்டுப் போகட்டும்."

"என்னது?"

"அடுத்த வாரம் எனக்கு நேர்முகத் தேர்வு. தலைமையாசிரியை பதவி. குழுவுல அஞ்சு பேரு. ஒருத்தரோட பையன் இந்தக் கண்றாவியெல்லாம் தேடித் தேடிக் கேக்கறவன்."

"உன் பேரு போட மாட்டேன்."

"பேரு எதுக்குடி? பதினெட்டு வருஷமா இதே குரல்ல இந்த மைதானத்துல கத்திக்கிட்டு இருக்கேன். வாட்ச்மேனுக்குக்கூட அடையாளம் தெரியும்."

"அப்ப என் கை?"

"நீ அடிச்சது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். போதாதா?"

"உன் பதவியும் உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்னு இருந்துடலாமே. ஆர்டர் எதுக்கு?"

வேகத்தைத் திருப்பினால் குரலும் திரும்பும். ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் திருப்ப வழியில்லை என்பது இருவருக்குமே தெரிந்திருந்தது. இருபத்தாறு ஆண்டுகளுக்குமுன், ஒரே பிற்பகலில், ஒரே நாடாவில் இருவரையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். லிஃப்டக்காவுக்குக் கோபம் யார்மேல் என்றே பிடிபடவில்லை. தூசிதட்டியாவது தப்பென்றதும் ஒப்புக்கொண்டார். பயந்து பயந்து ஆண்குரலுக்குள் ஒளிந்துகொள்ள வேண்டிய இடத்துக்குத் தோழியைக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் எவருடைய தொலைபேசி எண்ணும் எந்தத் தளத்திலும் இல்லை.

"ஒரு தடவை கேட்டுடு. அப்புறம் வேண்டாம்னு சொல்லு," என்று கைப்பேசியைக் காரின் ஒலிபெருக்கியோடு இணைத்தாள். திரையில் தூசிதட்டியின் கேள்வி பதிலுக்குக் காத்திருந்தது.

முனகல். குச்சியின் நான்கு தட்டல். பிறகு கார் நிரம்பியது. குரல் கண்ணாடியைக் கீறுவதுபோல் மேலே ஏறிக்கொண்டே போனது. அதன் காலடியில் டிரம்ஸ், இடைவெளியே விடாமல், துரத்து துரத்தென்று துரத்தியது. கீரி இருக்கையில் பின்னால் சாய்ந்தாள். கழுத்து நரம்பு புடைத்துத் தாழ்ந்தது.

"ஐயோ. இப்படியா கத்தினேன்?"

"இப்படித்தான் கத்தின. ஒரு பிடி கூட்டலும் இல்ல, குறைச்சலும் இல்ல."

இரண்டாம் பாட்டு முடிவதற்குள் மணி அடித்தது. தாமதமாக வந்த சிறுமிகள் நான்கைந்து பேர் காரின் ஓரமாக விரைந்தார்கள். கீரியின் கை முன்னே நீண்டு ஒலிக்குமிழின்மேல் விழுந்தது. லிஃப்டக்காவின் கட்டைவிரல், இன்னும் எழுதப்படாத பதிலின்மேல் நின்றது. ஒருத்தி மற்றவளைப் பார்க்கவில்லை. குமிழ் எந்தப் பக்கமும் திரும்பவில்லை.

வெளியே, புத்தகப்பை சரிந்த ஒரு சிறுமி மட்டும் நடப்பதை நிறுத்தியிருந்தாள். இருண்ட கண்ணாடி வழியாக உள்ளே யார் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அவளுடைய இடக்கால் தரையில் தட்டத் தொடங்கியது, தாளத்தைப் பிடிக்கப் பார்த்தது, பின்தங்கியது. ஒரு கணம் நிறுத்தி, உதட்டைக் கடித்துக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து தட்டினாள்.