வெரிங்கா முன்னால் இருந்தபோது

"இன்னும் கொஞ்சம் முன்னால விடு" என்றார் ராய்ஸ்.

"விட்டா வேலியில இடிக்கும்."

"இடிக்கட்டும். அடுத்த வருஷம் இங்க எவன் வந்து கேக்கப் போறான்?"

வெர்னா பிரேக்கிலிருந்து காலைத் தளர்த்தினாள். கார் ஒரு முழம் நகர்ந்து, மைதானத்தைச் சுற்றியிருந்த வெள்ளைக் குழாய் வேலியில் முட்டி நின்றது. ராய்ஸ் தலையை ஆட்டினார். அந்த இரண்டு வாக்கியங்களுக்கே அவருக்கு மூச்சு வாங்கியது. அவள் குனிந்து, அவர் காலடியில் இருந்த ஆக்சிஜன் சிலிண்டரின் திருகைச் சற்றுக் கூட்டினாள். மூக்கிலிருந்த குழாயைச் சரிசெய்துகொண்டு, குளிருக்குப் போட்டிருந்த கம்பளித் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டார் அவர்.

வெளியே கூட்டிப் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலையில் அவள் அதை ஞாபகப்படுத்தியபோது, "வீட்ல படுத்திருந்தா மட்டும் சாகாம இருந்துருவேனா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுத் தானே சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. போர்வையையும் ஃபிளாஸ்கில் பூசணி சூப்பையும் எடுத்துக்கொண்டு காரைக் கிளப்பினாள்.

பந்தைக் கையாலும் பிடித்து ஆடும் ஆஸ்திரேலியக் கால்பந்தில் இந்த வருஷம் வெரிங்கா ஊர் அணி ஓர் ஆட்டத்தில்கூட ஜெயிக்கவில்லை. சீசன் ஆரம்பிக்கும் முன்பே ஐந்து பையன்கள் சுரங்க வேலைக்கென்று மேற்கே போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்களில் பாதிப் பேருக்கு முழங்கால் சரியில்லை. ஆள் போதாமல், கசாப்புக்கடை பெர்சிகூடத் தொப்பைமேல் அணியின் பச்சை பனியனை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்க வேண்டியிருந்தது. ஸ்கோர் பலகையில் எண் மாட்ட ஓர் அணிக்கு இரண்டு ஆணிகள்தான் இருந்தன. ஒரு கோலுக்கு ஆறு புள்ளி; எதிரணிகள் வாராவாரம் மூன்று இலக்கத்தைத் தொட, ஒரு நாள் யாரோ ஏணி வைத்து ஏறி அவர்கள் பக்கத்தில் மட்டும் மூன்றாவது ஆணி அடித்தார்கள். அன்று எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து யாரும் சிரிக்கவில்லை.

ஜூலையில் கூட்டம் போட்டார்கள். கிளப்பைத் தாரிங்கல் கிளப்போடு சேர்த்துவிடலாமா, வேண்டாமா? சேர்ப்பது என்றால் அவர்கள் மைதானம், அவர்கள் நிறம், அவர்கள் பெயர். கை தூக்கச் சொன்னார்கள். பல வருஷம் தலைவராக இருந்த ராய்ஸ், முன்வரிசையில் சிலிண்டரோடு உட்கார்ந்திருந்தவர், சேர்த்துவிடலாம் என்று கை தூக்கினார். ஒரு கை வித்தியாசத்தில் முடிவானது.

அணித் தலைவன் அவர்கள் மகன் டிராவிஸ். கடைசி வரிசையிலிருந்து எழுந்து நின்று, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான்: "நீ சாகறதுன்னா சாவுப்பா. கிளப்பையும் ஏன் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போற?"

அதன் பிறகு அவன் வீட்டுப் பக்கம் வரவில்லை. வெர்னாவோடு போனில் பேசுவான். அப்பா எப்படி என்று கேட்கமாட்டான். அவளும் சொல்லமாட்டாள். ராய்ஸ் மட்டும், போனை வைத்ததும், "ஆள் சேந்துச்சாமா சனிக்கிழமைக்கு?" என்று கேட்பார்.

இன்று கடைசி ஆட்டம். அதுவும் அதே தாரிங்கலோடு.

மழை இல்லை. ஆனால் தென்மேற்கிலிருந்து அடித்த காற்று தானியக் கிடங்குகளைத் தாண்டி வந்து மைதானத்தை நீளவாக்கில் பெருக்கிக்கொண்டிருந்தது. சுற்றிலும் கார்கள், ஊரில் இத்தனை கார்களா என்று தோன்றும் அளவுக்கு. வராதவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். பக்கத்துக் காரின் கண்ணாடியை இறக்கி, கெய்லீன் அம்பயரைப் பார்த்துக் கத்தினாள்: "யோவ், கண்ணாடிய எங்கய்யா வச்சுட்டு வந்த? உன் பொண்டாட்டிகிட்ட கேட்டு எடுத்துட்டு வரட்டுமா?"

"அவ குரலுக்காகவே இந்த கிளப்ப நடத்திருக்கலாம்" என்றார் ராய்ஸ்.

எதிர்பாராதது நடந்தது. வெரிங்கா விளையாடியது. என்ன ஆனது என்று யாருக்கும் புரியவில்லை. வருஷம் முழுக்கக் கையிலிருந்து நழுவிய பந்து இன்று மார்பில் வந்து ஒட்டியது. பெர்சி இரண்டு பேரை இடித்துத் தள்ளிவிட்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்து, தானே சிரித்தான். பாதி ஆட்டத்தில் இரண்டு அணியும் சமம். நான்கில் மூன்றாம் கட்டத்தில் காற்று வெரிங்காவின் முதுகுப் பக்கம் இருந்தது.

கோல் விழுந்தால் சுற்றியுள்ள கார்கள் எல்லாம் ஹாரன் அடிக்கும். இவர்கள் காரில் அது ராய்ஸின் வேலை. அவள்தான் ஓட்டுபவள், ஆனால் கோல் விழுந்ததும் இடது பக்கமிருந்து அவர் கை அவள் மடிக்குமேல் நீண்டு வந்து ஸ்டியரிங்கின் நடுவில் அழுத்தும். கல்யாணமான புதிதிலிருந்தே அப்படித்தான். இன்று ஒவ்வொரு தடவையும் கை முந்தைய தடவையைவிட மெதுவாக வந்து அழுத்திவிட்டுப் போனது.

"டிராவிஸுக்குக் கணுக்கால்ல ஏதோ இருக்கு" என்றார். "இடது கால ஊனமாட்டேங்கறான் பாரு."

"நீ பாக்கற மாதிரி அவனை நான் பாத்ததே இல்ல."

அவள் ஃபிளாஸ்கைத் திறந்து, மூடியில் சூப்பை ஊற்றினாள். ஆவி கண்ணாடியில் படிந்தது. அதைப் புறங்கையால் துடைத்தபோது, தூரத்தில் டிராவிஸ் பந்தைப் பிடித்து, நொண்டியபடி இரண்டு எட்டு வைத்து உதைப்பது தெரிந்தது. பந்து உயரமான இரண்டு கம்பங்களுக்கும் நடுவே போனது.

எல்லாக் கார்களும் அலறின. அவள் கையில் சூப்போடு காத்திருந்தாள்.

கை வரவில்லை.

"ராய்ஸ்" என்றாள். திரும்பிப் பார்த்தாள். தொப்பிக்குக் கீழே அவர் கண்கள் மூடியும் மூடாமலும் இருந்தன. சூப்பை டாஷ்போர்டின்மேல் வைத்தாள். மூக்கின் கீழே விரலை வைத்தாள். குழாயிலிருந்து வந்த காற்று மட்டும் சில்லென்று பட்டது. கழுத்தில் கை வைத்தாள். தோல் சூடாக இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

"என்ன வெர்னா, ஹாரன் கெட்டுப்போச்சா?" என்று கெய்லீன் பக்கத்திலிருந்து கத்தினாள். "உன் மகன் போட்ட கோல்டி!"

வெர்னா ஸ்டியரிங்கைப் பார்த்தாள். உள்ளங்கையை அதன் நடுவில் வைத்து அழுத்தினாள். சத்தம் வந்தது. தேவைக்கு அதிகமான நேரம் அழுத்திக்கொண்டிருந்தாள்.

கதவைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். கெய்லீன் ஓடி வருவாள். மைதானத்துக்குள் யாராவது கையாட்டிக்கொண்டு ஓடுவார்கள். ஆட்டம் நின்றுவிடும். பலகையில் வெரிங்காதான் முன்னால் இருந்தது. சீசன் ஆரம்பித்த ஏப்ரலிலிருந்து இன்றுவரை அப்படி இருந்ததில்லை. அவள் குனிந்து சிலிண்டரின் திருகை மூடினாள். சீறல் நின்றது. போர்வையை அவர் கழுத்துவரை ஏற்றிவிட்டாள்.

மூன்றாம் கட்டம் முடிந்து சைரன் ஊதியது. வழக்கம்போல ஜனங்கள் வேலியைத் தாண்டி, ஆட்டக்காரர்கள் கூடி நிற்கும் இடத்தை நோக்கி நடந்தார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து ஒருவன் மட்டும் எதிர்த்திசையில் வந்தான். டிராவிஸ். நொண்டியபடி நேராக இந்தக் காரை நோக்கி வந்தான்.

அவள் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் இறக்கினாள். அவன் முழங்கைகளை ஜன்னலில் ஊன்றிக் குனிந்தான். முகமெல்லாம் சேறு. அவளைத் தாண்டி அந்தப் பக்கம் பார்த்தான்.

"தூங்கறாரா?"

வெர்னா ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை. "ஆமா" என்றாள்.

"எழுப்பாத." அவன் மூச்சிரைத்தது. "கோலப் பாத்தாராம்மா?"

"பாத்தாரு."

அவன் கீழே பார்த்துக்கொண்டான். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு வந்து நிற்கும்போது நிற்பது போல நின்றான். "அன்னிக்கு அந்த வார்த்தைய நான் சொல்லிருக்கக் கூடாதும்மா. நீ சொல்லாத. முடிஞ்சதும் நானே வந்து சொல்லிக்கறேன்."

"சரி" என்றாள்.

"சூப் ஆறிப் போகுது பாரு" என்று சொல்லிவிட்டு அவன் திரும்பி ஓடினான். அவன் முதுகில் இருந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே அவள் வாயைத் திறந்தாள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

கடைசிக் கட்டத்தில் காற்று எதிரே. தாரிங்கல் முதல் கோலை உடனே போட்டது. இரண்டாவது, மூன்றாவது. வெரிங்காக்காரர்கள் உதைத்த பந்து காற்றில் ஏறி நின்று, அவர்கள் தலைக்கே திரும்பி வந்தது. பெர்சியைத் தோளில் தாங்கி வெளியே கூட்டிப் போனார்கள். அவனுக்குப் பதில் இறங்க யாரும் இல்லை. டிராவிஸ் எல்லா இடத்திலும் இருக்கப் பார்த்தான். நொண்டி நொண்டி ஓடினான், விழுந்தான், எழுந்து அடுத்த பக்கம் ஓடினான். அவன் போய்ச் சேரும் முன்பே பந்து அங்கிருந்து போயிருந்தது. மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்த தாரிங்கல் கார்கள் மட்டும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. கெய்லீன்கூட அம்பயரைத் திட்டுவதை நிறுத்திவிட்டாள்.

போர்வைக்குள் கை விட்டு, வெர்னா ராய்ஸின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அது ஆறிக்கொண்டே வந்தது. எப்போது சூடு முழுக்கப் போனது என்று அவளுக்குத் தெரியவில்லை. பலகையில் யாரோ தாரிங்கலுக்கு மூன்றாவது இலக்கத்தை மாட்டினார்கள்.

சைரன் ஊதியது. யாரும் கைதட்டவில்லை. பிறகு யாரோ ஆரம்பிக்க, எல்லோரும் தட்டினார்கள்.

டிராவிஸ் எதிரணிக்காரர்களோடு கைகுலுக்கினான். உடை மாற்றும் அறைக்குப் போகாமல் வேலியைத் தாண்டிக் குதித்து, நேராக அப்பா பக்கத்துக் கதவுக்கு வந்தான். வரும்போதே ஒரு மாதிரி சிரித்துக்கொண்டு வந்தான். கதவைத் திறந்தான்.

"நீ கை தூக்கினது சரிதாம்ப்பா, நம்மளால" என்று ஆரம்பித்தவன் நின்றான். அவர் தோளைத் தொட்டான். தொப்பியைத் தூக்கிப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான்.

"எப்பம்மா?"

அவள் போர்வையின் விளிம்பை இழுத்துச் சரிசெய்தாள்.

"நான் வந்தப்பவே போயிருந்தாரா?"

அவள் ஆமென்று தலையசைத்தாள்.

"நான் வந்து நின்னு பேசறேன்... நீ..." அவன் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவளுக்குத் தேவலை என்றிருந்திருக்கும். "ஏம்மா?"

"நீங்க முன்னால இருந்தீங்க" என்றாள் வெர்னா.

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு காரின் பக்கவாட்டில் முதுகைச் சாய்த்து, அப்படியே சரிந்து ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டான். அவள் இருந்த இடத்திலிருந்து அவன் தலைமுடி மட்டும் தெரிந்தது. உச்சியில் முடி கொட்ட ஆரம்பித்திருந்ததை அவள் இப்போதுதான் கவனித்தாள்.

கெய்லீன் வந்து எட்டிப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

எதிரணியின் அறையில் தாரிங்கல்காரர்கள் வட்டமாக நின்று, வெற்றிப் பாட்டைத் தகரச் சுவர் அதிரப் பாடிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருஷம் வெரிங்காப் பையன்களும் அதைத்தான் பாட வேண்டும். யாரோ உள்ளே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வரியின் நடுவில் பாட்டு நின்றது. ஒருவர் பின் ஒருவராக வெளியே வந்து, இவர்கள் காரை நெருங்காமல் தூரத்திலேயே நின்றார்கள். வேறு எந்தக் காரும் கிளம்பவில்லை.

ஆம்புலன்ஸை மைதானத்தின் உள்ளாகவே ஓட்டிக்கொண்டு வந்தார்கள். அவசரம் ஒன்றுமில்லை என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். மெதுவாக வந்தது. இரண்டு பேர் இறங்கினார்கள். வயதானவர் வெர்னாவிடம், "நீங்க அப்படியே உக்காந்திருக்கலாம்மா, நாங்க பாத்துக்கறோம்" என்றார். அவர்கள் ராய்ஸைத் திருப்பி வெளியே எடுக்கும்போது கால் கதவின் அடியில் சிக்கி, அவருடைய பழுப்பு ஷூ ஒன்று கழன்று புல்லில் விழுந்தது. ஸ்ட்ரெச்சரில் கிடத்திப் பட்டையைக் கட்டிவிட்டு அவர்கள் தூக்கப் போனார்கள்.

"கொஞ்சம் இருங்க" என்றான் டிராவிஸ்.

அவன் ஷூவை எடுத்துக்கொண்டு எழுந்தான். அதில் ஒட்டியிருந்த புல்லைத் தன் பனியனில் துடைத்தான். பனியனில் இருந்த சேறு ஷூவில் ஒட்டிக்கொண்டது. போர்வையை விலக்கி, அப்பாவின் காலை ஒரு கையில் தாங்கி, குதிகாலை உள்ளே தள்ளினான். லேஸைக் கட்ட முயன்றான். குளிரில் விறைத்திருந்த அவன் விரல்களுக்கு முடிச்சு பிடிபடவில்லை. விழுந்த முடிச்சும் கோணலாக விழுந்தது.

"பரவால்லப்பா, விடு" என்றார் ஆம்புலன்ஸ்காரர்.

டிராவிஸ் அதை அவிழ்த்தான். முதலிலிருந்து மறுபடி கட்ட ஆரம்பித்தான். ஆம்புலன்ஸ்காரர் கதவைத் திறந்து பிடித்தபடி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.