பழைய போர்டுக்குப் பத்து நிமிட உயிர்

1

இந்தக் கதை ஒரு லேப்டாப் ரிப்பேர் கடையில் எனக்குக் கிடைத்தது. என் லேப்டாப்பில் 'க' தட்டினால் விழவில்லை. 'கதை' என்று அடித்தால் 'தை' என்று வந்தது. கீபோர்டை மாற்றித் தரும்வரை கடையின் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கையில் வேலையில்லாத எழுத்தாளன் பக்கத்து ஆளின் கஷ்டத்தை உற்றுப் பார்ப்பான். நானும் பார்த்தேன்.

இதை எழுதுவதற்கு இது பாதிக் காரணம்தான். மீதியை இப்போதே சொல்ல தைரியம் வரவில்லை. கொஞ்சம் பொறுங்கள்.

முதல் தொடக்கம்: "வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தபோது அவள் கடைக்குள்—" (நிறுத்திவிட்டேன். அன்று மழையே இல்லை. சரக்கு இல்லாதபோது மழையைக் கூப்பிடுவது என் பழைய பழக்கம்.)

இரண்டாவது: "இயந்திரங்களுக்கும் ஓர் ஆத்மா—" (போதும்.)

மூன்றாவது: செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, ஒரு பெண் தன் லேப்டாப்பைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். இது நடந்தது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

அவரை 'அக்கா' என்றே எழுதப்போகிறேன். என்னைவிடச் சின்னவர்தான். ஆனால் வந்ததிலிருந்து வாயைத் திறந்தாலே "தம்பி, தம்பி" என்று தன் தம்பியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததால் என் மனதில் அவர் அக்காவாகிவிட்டார்.

தம்பிக்கு இருபத்தெட்டு வயது. வலிப்பு நோய். நான்கு வருடங்களாக ஒவ்வொரு வலிப்பையும் அக்கா லேப்டாப்பில் எழுதிவைத்திருக்கிறார்: தேதி, மணி, எத்தனை நிமிடம், முந்தைய நாள் எவ்வளவு தூங்கினான், மாத்திரை தவறியதா, முதலில் துடித்தது எந்தக் கை. வியாழக்கிழமை பெரிய டாக்டர் பார்க்கிறார். ஐந்து மாதம் காத்திருந்து கிடைத்த நேரம். தலையில் ஆபரேஷன் செய்யலாமா, கூடாதா என்பதை அந்தக் குறிப்புகளைப் பார்த்த பிறகுதான் சொல்வாராம்.

திங்கட்கிழமை லேப்டாப் செத்துப்போனது.

(வேறெங்கும் ஒரு நகல்கூட இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் பிறகு கேட்டேன். "என் வியாதிய ஊரெல்லாம் அனுப்பி வைக்காதே" என்று தம்பி ஒருமுறை கோபித்துக்கொண்டானாம். அன்றிலிருந்து அக்கா எதையும் வெளியே வைப்பதில்லை. வேறு யாரும் திறக்க முடியாதபடி டிஸ்க்குக்குப் பூட்டும் போட்டுவிட்டார். தம்பியின் மானம் அவருக்குப் பெரிது. எனக்கு அவரைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.)

3

அடுத்தது மெக்கானிக். நாற்பது வயதுப் பெண்மணி, கடைக்கு அவரேதான் முதலாளி. முதல் பிரதியில் அவரைச் சிடுசிடுப்பான ஆளாக எழுதினேன். தப்பு நடக்கப்போகிறது, அதற்குத் தோதாக ஓர் ஆள் வேண்டும் என்று. ஆனால் நான் பார்த்தவர் அப்படியில்லை. லேப்டாப்பின் அடிப்பக்கத்தை அட்டையில் படமாக வரைந்து, கழற்றும் ஸ்க்ரூ ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் குத்தி வைப்பார். நீளம் மாறி ஒரு ஸ்க்ரூ உள்ளே போனால் போர்டையே துளைத்துவிடும் என்பார். இவ்வளவு கவனமான ஆளின் தலையில் எப்படிப் பழியைப் போடுவது?

மூடியைத் திறக்கும் முன் எல்லோரிடமும் நான்கு கேள்வி கேட்பார். பதிலை ஒரு சீட்டில் எழுதி மூடிமேல் ஒட்டுவார். ஒன்று, பாஸ்வேர்டு என்ன. இரண்டு, உள்ளே உங்களுக்கு அவசியமானது எது. மூன்று, டிஸ்க்குக்குப் பூட்டு உண்டா, உண்டென்றால் அதைத் திறக்கும் எண் எங்கே. நான்கு, தண்ணீர் ஏதாவது கொட்டியதா.

அக்காவின் சீட்டில் மூன்றாவது வரியிலிருந்து காலியாக இருந்தது.

4

வேலை சுத்தமாக நடந்தது. சோதித்துப் பார்த்துவிட்டு, "மதர்போர்டு போயிடுச்சும்மா. மாத்திடலாம். அதே மாடல் போர்டு ஒண்ணு இருக்கு" என்றார் மெக்கானிக். முதலில் பேட்டரி ஒயரைப் பிடுங்கினார். பிறகு ஃபேன், பட்டை ஒயர்கள், கடைசியில் போர்டு. உள்ளங்கை அகலப் பச்சைத் தகடு. புதியதை உட்காரவைத்து, சூடு கடத்தும் பசை தடவி, அட்டையிலிருந்து ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகத் திருப்பி முடுக்கினார். இதற்கிடையில், கெட்டுப்போன போர்டுகளை வாங்கிப்போகும் போர்டுக்காரர் வழக்கம்போல் பன்னிரண்டு மணிக்கு வந்து, மேஜையில் கிடந்த மூன்று போர்டுகளையும் பையில் போட்டுக்கொண்டு போனார். அக்காவின் போர்டும் அதில் ஒன்று.

திரை எரிந்தது. அக்கா என்னைப் பார்த்துக்கூடச் சிரித்தார்.

பிறகு திரை நாற்பத்தெட்டு இலக்க எண் ஒன்றைக் கேட்டது.

"பூட்டு போட்டிருந்தீங்களா?" என்றார் மெக்கானிக்.

"ஆமா மேடம்."

"போர்டு மாறினா இது நம்பாதும்மா. திருட்டு மெஷின்னு நெனச்சுக்கும். அந்த நம்பர எங்க எழுதி வச்சிருக்கீங்க?"

"பத்திரமாத்தான் வச்சிருக்கேன். 'முக்கியம்'னு ஒரு ஃபைல் போட்டு..."

"எதுல?"

அக்கா லேப்டாப்பைப் பார்த்தார். "இதுலதான்."

யாரும் சிரிக்கவில்லை. மெக்கானிக் போனை எடுத்தார்.

அடிக்குறிப்பு: பூட்டைத் திறக்கும் ரகசியத்தைப் பழைய போர்டிலுள்ள ஒரு சிப் வைத்திருக்கும். பழைய போர்டுக்குப் பத்து நிமிடம் உயிர் வந்தாலே போதும், நான்கு வருடத்தையும் வெளியே எடுத்துவிடலாம். போர்டுக்காரரோ வாங்கிப்போகும் போர்டுகளுக்குச் சூடு காட்டி, சிப்புகளை உரித்து விற்பவர்.

5

மீதிக் காரணத்தை இனி சொல்லியே ஆகவேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு அக்கா பதில் சொல்லி முடித்ததும் நான் குறுக்கே புகுந்தேன். "மேடம், என்னோடது எப்பக் கெடைக்கும்? நாளைக்கு ஒரு கட்டுரை குடுத்தாகணும்." கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். மெக்கானிக் என் பக்கம் திரும்பி, "மூணு மணிக்கு ரெடி சார்" என்றார். திரும்பியவர் நேராக ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டார். மூன்றாவது கேள்வியைக் கேட்டிருந்தால் பழைய போர்டை அவர் கையைவிட்டு அனுப்பியிருக்கமாட்டார்.

கட்டுரைக்கு உண்மையில் இன்னும் ஒரு வாரம் இருந்தது.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. முந்தைய நான்கு பகுதிகளில் நான் ஸ்டூலில் அமைதியாக உட்கார்ந்திருந்ததாகத்தானே நினைத்தீர்கள்? நானும் அப்படித்தான் எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு பிரதியிலும் பழி மெக்கானிக்மேல் போய் உட்கார்ந்தது. அட்டையில் ஸ்க்ரூ குத்தி வைக்கிற பெண்மேல்.

6

போர்டுக்காரர் போனை எடுத்தார். "ஒரு சிப்ப எடுத்துட்டேனே மேடம். மத்தது அப்படியேதான் இருக்கு." எடுத்தது ரகசியம் வைத்திருக்கும் சிப் இல்லை. அரைமணி நேரத்தில் அவரே ஓடிவந்து போர்டையும் சிப்பையும் கொடுத்தார். நல்ல மனுஷன்.

மெக்கானிக் சிப்பைத் திரும்ப ஒட்ட உட்கார்ந்தார். போர்டு முதலில் எதனால் செத்தது என்றும் தேடவேண்டும். "சொல்ல முடியாதும்மா. ஆனா விடமாட்டேன்" என்றார். அக்கா பக்கத்தில் நின்று, ஞாபகம் இருக்கும் தேதிகளை ஒரு பில்லின் பின்பக்கம் எழுத ஆரம்பித்தார். நான்கைந்து வந்தன. பிறகு பேனா நின்றுவிட்டது.

மூன்று மணிக்கு என் லேப்டாப் தயாரானது. நான் கிளம்பிவிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னேன். (பஸ் பத்து நிமிடத்துக்கு ஒன்று.) போகும்போது, எதையாவது சொல்லவேண்டுமே என்று, "இத ஒரு கதையா எழுதுறேன் மேடம்" என்று வேறு சொல்லிவைத்தேன். வாய் சும்மா இருக்காது.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. செய்து பார்த்தவை இருக்கின்றன.

முடிவு அ: ஃபேன் சுற்றுகிறது. பத்து நிமிடம். எல்லாம் நகலாகிவிடுகிறது. (எனக்கு இதுதான் வேண்டும். எனக்கு வேண்டும் என்பதாலேயே இதை நம்பக் கூச்சமாக இருக்கிறது.)

முடிவு ஆ: போர்டு எழவில்லை. வீட்டில் அக்காவும் தம்பியும் சமையலறை மேஜையில் எதிரெதிரே உட்காருகிறார்கள். "நீ எழுதினதெல்லாம் வெளியிலேருந்து பார்த்தது. வர்றதுக்கு முன்னால எனக்கு எப்படி இருக்கும்னு நீ கேட்டதே இல்ல" என்கிறான் தம்பி. அக்கா முதல்முறையாகக் கேட்கிறார். டாக்டருக்கு அதுவே போதுமானதாக—

(அடித்து நீக்கிவிட்டேன். இதைப் படித்துக் காட்டியபோது என் மனைவி, "பிரமாதம். நீங்க அவசரப்படுத்தினதும் நல்லதாப் போச்சு, இல்ல?" என்றாள். மூஞ்சியில் அறைந்த மாதிரி இருந்தது. அடுத்தவர் இழப்பை அழகாக்கி நான் தப்பித்துக்கொள்ளப் பார்த்திருக்கிறேன்.)

7

இதுவரை எழுதி வைத்திருந்தபோது மெக்கானிக் போன் செய்தார்.

"சார், சார்ஜர விட்டுட்டுப் போயிட்டீங்க. பத்து நாளா இங்கயே கெடக்கு." (வீட்டில் இன்னொன்று இருந்ததால் நான் தேடவே இல்லை.)

"வர்றேன் மேடம். அப்புறம்... அந்த போர்டு..."

"அவங்க இங்கதான் இருக்காங்க சார். லேப்டாப் கீல் லூசா ஆடுதுன்னு வந்திருக்காங்க. நீங்களே கேட்டுக்குங்க."

போன் கை மாறியது. "சொல்லுங்க சார்" என்றார் அக்கா.

கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. போர்டு எழுந்ததா? டாக்டர் என்ன சொன்னார்? இரண்டும் நாக்கு நுனியில் இருந்தன. ஆனால் வந்தது வேறு.

"அன்னைக்கு மெக்கானிக்க அவசரப்படுத்தினது நான்தாங்க. அதனாலதான் அவங்க பூட்டப் பத்திக் கேக்காம விட்டுட்டாங்க."

"தெரியுமே. நானும் அங்கதான நின்னுட்டிருந்தேன்" என்றார் அக்கா. "பூட்டு போட்டிருக்கேன்னு சொல்ல வாயத் தொறந்தேன். அதுக்குள்ள நீங்க பேச ஆரம்பிச்சுட்டீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். "நானும் கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கலாம்" என்றும் சேர்த்துக்கொண்டார். என் பங்குப் பழியில் பாதியை எடுத்துக்கொள்ள அவருக்கு என்ன தேவை? "சரிங்க, சரிங்க" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். தம்பி எப்படி இருக்கிறான் என்றுகூடக் கேட்கவில்லை.

அதனால் முடிவை உங்களிடம் விடுகிறேன். அந்தக் கடைக்குப் போனால், லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு வரும் ஒருவரைப் பார்ப்பீர்கள். முதலில் தம்பியைப் பற்றிக் கேளுங்கள். பிறகு போர்டைப் பற்றி. அவர் மெதுவாகத்தான் ஆரம்பிப்பார். குறுக்கே பேசாதீர்கள்.