வடக்குச் சரிவு வேண்டாம்

இணைப்பு மறுபடியும் அறுந்ததும் மதிவதனி கீபோர்டைத் தள்ளிவிட்டாள். ரமணாசிரமத்துக்கு அருகில் காசி நடத்தும் பிரவுசிங் சென்டர் அது. திரையில் ஆல்ப்ஸ் மலையின் வரைபடம் மேல்பாதியோடு நின்றிருந்தது. அவளுக்கு வேண்டியது கீழ்ப்பாதி.

"லைன் அப்படித்தான் மேடம். மத்தியானமா வாங்க, கூட்டம் கம்மியா இருக்கும்," என்றான் காசி.

"நேத்து மத்தியானம் வந்தேன். காலையில வாங்கன்னு சொன்னதே நீங்கதான்."

மதிவதனி ஜூரிக்கில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தாள். மார்ச் மாத விடுப்புக்கு வேங்கிக்கால் வீட்டுக்கு வந்திருந்தாள். திரும்பிப் போனதும், உடன் வேலை செய்யும் உர்ஸ், கிளாரா இருவரோடும் ஒரு பனிமலை ஏறுவதாக ஏற்பாடு. அங்கே மேலே தூக்கிக்கொண்டு போக லிஃப்ட் கிடையாது. ஸ்கீ என்ற சறுக்குக்கட்டையின் அடியில் வழுக்காத பட்டையை ஒட்டிக்கொண்டு விடியுமுன்பே ஏறத் தொடங்க வேண்டும். உச்சியில் பட்டையை உரித்துவிட்டுச் சறுக்கி இறங்க வேண்டும். மூன்று பனிக்காலமாக மற்றவர்கள் போட்ட வழியில் பின்னால் போய் அவளுக்கு அலுத்துவிட்டது. இந்த முறை திட்டம் என்னுடையது என்று கேட்டு வாங்கியிருந்தாள். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, அதை இங்கே உட்கார்ந்து போடுவது எவ்வளவு தொல்லை என்று.

வீட்டில் சாப்பாட்டு மேஜை மேல், ஜூரிக்கிலிருந்து கொண்டுவந்த பெரிய வரைபடத்தை விரித்தாள். மின்விசிறிக் காற்றில் அது படபடத்தது. நாலு மூலையிலும் டம்ளர் வைத்தாள். அப்பா தசரதன் எட்டிப் பார்த்தார்.

"மேல ஏறினதும் இறங்கிடுவீங்களா?"

"ஆமாப்பா."

"மேல கோயில் ஏதாச்சும் இருக்குதா?"

"ஒண்ணும் இல்லப்பா."

"நம்ம மலையில தீபமாவது ஏத்துறாங்க," என்றபடி ஒரு டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார். வரைபடத்தின் மூலை சுருண்டுகொண்டது. மதிவதனி பல்லைக் கடித்தாள்.

சாயங்காலம் உர்ஸ் போன் செய்தான். இறங்குவதற்கு வடக்குச் சரிவு நன்றாக இருக்கும், அங்கேதான் பனி பொடிப்பொடியாகக் கிடக்கும் என்றான்.

"வேண்டாம். அது ரொம்பச் செங்குத்து. காத்து கொண்டுவந்து கொட்டின பனி அங்கதான் சேர்ந்திருக்கு. மொத்தமா சரிஞ்சா மூணு பேரும் அடியில போயிடுவோம்."

"வெயில்ல உட்கார்ந்துகிட்டு எனக்குப் பனியைப் பத்திச் சொல்றியா?"

நாலு வருஷமாக ஏதாவது ஒரு உருவத்தில் கேட்டுவரும் பேச்சு இது. அவளுக்குக் காது சுட்டது.

"வெயில்லயும் எனக்குப் படிக்கத் தெரியும் உர்ஸ். பனிச்சரிவு எச்சரிக்கை அறிக்கையை நீ படிச்சியா? ஏறின வழியிலதான் இறங்கறோம். வெயில் ஏறினா பனி இளகிடும், அதனால பத்து மணிக்கு எங்க இருக்கோமோ, அங்கிருந்து திரும்பறோம். பிடிக்கலைன்னா நீ வராதே."

"சரி," என்று உர்ஸ் வைத்துவிட்டான். ஜெர்மன் தெரியாத தசரதனுக்கும் அந்தத் தொனி புரிந்திருந்தது.

"யார்கூடம்மா சண்டை?"

"சண்டை இல்லப்பா. பிளான் போடறோம்."

அவள் ஜூரிக் திரும்பியதும், குறித்த நாளில் மூவரும் இருட்டிலேயே ஏறத் தொடங்கினார்கள். வானம் தெளிவாக இருந்தது. பொழுது ஏறியதும் காற்று பிடித்தது. கிளாராவுக்கு விரல்கள் மரத்தன. நின்று நின்று சூடேற்ற வேண்டியிருந்தது. பத்து மணிக்கு உச்சிக்குக் கீழே இருந்த மேட்டில் நின்றார்கள். பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வந்துகொண்டிருந்தது.

"இன்னும் அரை மணி நேரம்தான்," என்றான் உர்ஸ்.

உச்சி கண்ணுக்கு எதிரே இருந்தது. மாதம் முழுக்க அதன் மேல்தான் அவள் விரல் ஊர்ந்திருந்தது. உர்ஸைவிட அவளுக்குத்தான் ஆசை அதிகம். அந்த ஆத்திரத்தோடே குனிந்து ஸ்கீயிலிருந்து பட்டையை உரித்தாள்.

"திரும்பறோம்."

உர்ஸ் என்னமோ முணுமுணுத்துவிட்டுத் தானும் குனிந்தான்.

இறக்கம் மோசமாக இருந்தது. பாதி வழியில் மேகம் மூடிக்கொண்டது. காலையில் தாங்கள் போட்ட தடத்தையே தேடித் தேடி, இறுகிக் கிடந்த பனியில் கரகரவென்று இறங்கினார்கள். மதிவதனி இரண்டு தடவை விழுந்தாள். கீழே ஊர் தெரிந்தபோது யாருக்கும் பேசத் தெம்பில்லை.

ரயிலில் உர்ஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான். நெடுநேரம் கழித்து சாக்லேட்டை எடுத்து மூன்றாக உடைத்து, அவளைப் பார்க்காமலே ஒரு துண்டை நீட்டினான். கோபம் தீராவிட்டாலும் வாங்கிக்கொண்டாள். பசி அப்படி.

ராத்திரி வீட்டுக்குப் போன் செய்தாள்.

"உச்சிக்குப் போனியாம்மா?" என்று கேட்டார் தசரதன்.

"இல்லப்பா. கொஞ்சம் கீழயே திரும்பிட்டோம்."

"இதுக்கா ஒரு மாசம் என்னை மேஜையில சாப்பிட விடல?"

விழுந்ததில் அவளுக்கு முழங்கால் வீங்கி வலித்தது. அடுத்த மாதமும் போகப்போகிறேன் என்பதை இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.