சொல்லிவிட்டுப் போகணும்

பள்ளிக்கூடம் திறந்த இரண்டாம் நாளும் மின்ஹா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிட்டாள். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. இட்லிச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு ரிஃபாத் மகளின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"எந்திரிட்டி. வேன் வந்துரும்."

"வயிறு வலிக்கி உம்மா."

நேற்றும் இதே வலிதான். இழுத்துப் பிடித்துத்தான் வேனில் ஏற்ற வேண்டியிருந்தது.

லீவு முடியும் முன்னாலேயே மகளிடமிருந்து செல்போனை வாங்கி அலமாரியில் பூட்டியிருந்தாள் ரிஃபாத். பிள்ளையை வெள்ளனத் தூங்க வைத்தாள். புதுப் பையை அவளையே எடுக்கச் சொன்னாள். வகுப்பு டீச்சர் தங்கபுஷ்பம் வாட்ஸ்அப் குழுவில் சொன்னது எதையும் அவள் விடவில்லை. ஆனாலும் இரண்டாம் வகுப்புக்குப் போக வேண்டிய பிள்ளை முதல் நாள் பால்வாடிக்குப் போவதுபோல் அழுதது. இதற்கு நடுவே புருஷனுக்கு மிளகாய்ப்பொடி இடிக்க வேண்டும், ஊறுகாய் கட்ட வேண்டும், பெட்டி அடுக்க வேண்டும். துல்கர்னைனுக்குச் சவூதியில், தம்மாமில் கடை வேலை. விடுமுறை முடிந்து வியாழக்கிழமை அவன் கிளம்பியாக வேண்டும்.

அது மின்ஹாவுக்குத் தெரியாது என்றுதான் இருவரும் நினைத்திருந்தார்கள். முந்தின ஞாயிற்றுக்கிழமை பழைய குற்றாலத்தில் குளித்து முடித்துத் தலை துவட்டும்போது, "வாப்பா, நீங்க போயிருவீங்களா?" என்று பிள்ளை கேட்டது.

"நான் எங்கட்டி போறேன்? இங்கனதான் இருப்பேன்" என்றான் அவன்.

பக்கத்தில் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டு நின்ற ரிஃபாத்தும் வாயைத் திறக்கவில்லை. அழுவாளே என்ற பயம். போன வருஷமும் மின்ஹா பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில்தான் அவன் கிளம்பினான். சாயங்காலம் வந்து கேட்டவளிடம் கடைக்குப் போயிருப்பதாகச் சொல்லிச் சமாளித்தார்கள்.

அன்று, செவ்வாய்க்கிழமையும், ஒருவழியாக அவளை வேனில் ஏற்றிவிட்டு ரிஃபாத் சமையலைப் பார்த்தாள். மத்தியானம் டீச்சர் போன் செய்தாள்.

"மின்ஹா வீட்டுக்கு வந்துட்டாளாம்மா? சாப்பாட்டு மணி அடிச்சதுக்கு அப்புறம் பிள்ளையக் காணல."

ரிஃபாத் அடுப்பை அணைத்துவிட்டுப் புருஷனைக் கூப்பிட்டாள். துல்கர்னைன் பைக்கை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனான். அவள் ஒரு ஆட்டோவைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் எதிர்ப்பட்ட பிள்ளைகளின் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டே போனாள். பாதி வழியில் அவனிடமிருந்து போன் வந்தது. "பஸ் ஸ்டாண்டுக்கு வா."

வெளிநாடு போகிறவர்கள் ஏர்போர்ட்டுக்கு ஏறும் திருவனந்தபுரம் பஸ் நிற்கிற இடத்தில், நனைந்த யூனிபார்மோடு பையை மடியில் வைத்துக்கொண்டு மின்ஹா உட்கார்ந்திருந்தாள். துல்கர்னைன் அவள் முன்னால் குத்தவைத்திருந்தான். பக்கத்தில் நின்ற டைம் கீப்பர் சொன்னார்: "நல்லவேளை, நான் பாத்தேன். அவ்வளவு பெரிய ரோட்டத் தாண்டி வந்திருக்கா. வாப்பா பஸ் ஏற வருவாங்க, அதுவரைக்கும் இங்கனதான் இருப்பேங்கா."

அடிக்க ஓங்கிய கையை ரிஃபாத் இறக்கிக்கொண்டாள்.

"எதுக்குட்டி இங்க வந்த?" என்றான் துல்கர்னைன்.

"கட்டிலுக்கு அடியில பெட்டியப் பாத்தேன். நான் ஸ்கூலுக்குப் போனாத்தான நீங்க போவீங்க? அதான் போகமாட்டேன்னேன்."

"அப்பம் வயிறு வலிக்கின்னு சொன்னது பொய்யா?" என்று கேட்டாள் ரிஃபாத்.

"இல்ல உம்மா. நெசமாவே வலிச்சுது."

துல்கர்னைன் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டான். "நாளைக்கழிச்சு போறேம்மா. போகாம முடியாது. ஆனா நீ ஸ்கூல் விட்டு வந்த பொறவுதான் கிளம்புவேன். நீயும் வந்து பஸ் ஏத்திவிடணும்."

மின்ஹா அழுதாள். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற அழுகை. வீட்டுக்கு வந்தும் ஓயவில்லை. யாரும் அவளை அடக்கவில்லை.

மறுநாள் வீங்கிய கண்ணோடு அவளே எழுந்தாள். "நாளைக்குச் சாயங்காலம்தான?" என்று மட்டும் கேட்டுவிட்டு வேனில் ஏறினாள். வியாழக்கிழமை அவள் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை துல்கர்னைன் காத்திருந்தான். பஸ் நகர்ந்தபோது அழுதாள். வெள்ளிக்கிழமை காலையில் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனாலும் போனாள்.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் தங்கபுஷ்பம் டீச்சர், பிள்ளையைத் தானே கூட்டிவரப் போயிருந்த ரிஃபாத்தை நிறுத்திக் கேட்டாள். "பிள்ளை இன்னைக்கு ஒழுங்கா எழுதுனா. எப்படிம்மா சரியாச்சு? மத்த அம்மாமாருக்கும் சொல்லலாம்லா."

ரிஃபாத் களைப்பாகச் சிரித்தாள்.

"நீங்க சொன்னது எல்லாம் நல்லதுதான் டீச்சர். ஆனா தூக்கத்தையும் செல்போனையும் மட்டும் சரி பண்ணினாப் போதாது. பிள்ளை எதுக்குப் பயப்படுதுன்னு மொதல்ல கேக்கணும். கேட்டா உண்மையச் சொல்லணும். அழுவாளேன்னு நாங்க பொய் சொன்னோம். அழுத பிள்ளை மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போயிருது டீச்சர். ஏமாந்த பிள்ளைதான் போகமாட்டேங்குது."