டாக்ஸிக்குள் ஹூமில்

என் தங்கை ஒதீலியா நாற்பதைத் தாண்டிய பிறகு ஒருவனைக் காதலித்தாள். ஆள் தங்கமானவன். பெயர் லெயாந்த்ரோ. எங்கள் மலையூர் தாஸ்கோவில் வெள்ளை பீட்டில் கார் டாக்ஸி ஓட்டுகிறான். பிறந்து வளர்ந்தது கடற்கரைப் பக்கம். அவனிடம் ஒரே ஒரு கோளாறுதான்: பூச்சியைக் கண்டால் உயிர் போய்விடும். ஒதீலியா வேலை செய்யும் வெள்ளிப் பட்டறையில் சிலந்தி ஒன்று தொங்குவதைப் பார்த்துவிட்டு, கொண்டுவந்த பூக்களை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடியவன்.

வேறு ஊராக இருந்தால் பரவாயில்லை. இங்கே நவம்பர் பிறந்தால் வீட்டுக்கு வீடு ஹூமில்தான். விரல் நகம் அளவு பழுப்புப் பூச்சி. தொட்டால் மருந்துக்கடை வாடை அடிக்கும். தக்காளி, மிளகாயோடு வைத்து அரைப்போம். பொறுமை இல்லாதவர்கள் உயிரோடு சோள ரொட்டியில் சுருட்டித் தின்பார்கள். உதட்டுக்கு வெளியே ஊர்ந்து வருவதை நாக்கால் உள்ளே தள்ளிக்கொள்ள வேண்டும். செத்தவர்கள்தான் ஹூமிலாகத் திரும்பி வருகிறார்கள் என்பது அம்மாவின் நம்பிக்கை. அதனால் ஒவ்வொன்றையும் கண்ணுக்கு நேரே பிடித்து, தெரிந்த முகமா என்று பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவாள்.

கல்லறைத் திருநாள் முடிந்த திங்கட்கிழமை ஊரே ஹூமில் பொறுக்க ஊய்ஸ்தேக்கோ மலைக்குப் போகும். லெயாந்த்ரோதான் எங்களைக் கூட்டிப்போனான். நானும் ஒதீலியாவும் பின்சீட்டில், அம்மா முன்னால்.

"எங்க வீட்டுப் பந்தியில உக்காந்த எந்த ஆம்பளையும் ஹூமில் தின்னாம எந்திரிச்சதில்ல, டிரைவர் தம்பி" என்று அம்மா ஆரம்பித்தாள்.

"வேற என்ன வேணா குடுங்கம்மா, பச்சை மிளகாயக்கூடக் கடிச்சுத் திங்கிறேன்."

"மிளகாய எங்க ஊர்ல கைக்குழந்தையே திங்கும்."

மலையில் நாங்கள் ஓக் மரத்தடிச் சருகுகளைக் கிளறிப் பூச்சி பொறுக்கினோம். அவன் காரை விட்டு இறங்கவே இல்லை. கண்ணாடியை முழுக்க ஏற்றிக்கொண்டு வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தான்.

"என்னடி இவன், தொட்டி மீன் மாதிரி வாயைத் தொறந்து தொறந்து மூடுறான்?" என்றாள் அம்மா.

ஒதீலியாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "விடும்மா. பயம்னா பயம்தான். அதுக்காக அவர நான் விட்டுற மாட்டேன்."

திரும்பும்போது அம்மா மடியில் துணிப்பை நிறைய ஹூமில். ஊருக்குள் நுழைந்து, செங்குத்தான ஒரு கல் பாவிய சந்தில் இறங்கினோம். இருபக்கமும் சுவர், கதவைத் திறக்க இடம் கிடையாது. திருப்பத்தில் கார் ஒரு குலுங்கு குலுங்கியது. பை சரிந்து வாய் திறந்துகொண்டது.

அதே நேரம் கீழேயிருந்து பேண்டு வாத்தியக்காரர்கள் ஊதிக்கொண்டு மேலே வந்தார்கள். பின்னால் குழந்தைகளும் பெண்களுமாகச் சந்து நிறையக் கூட்டம். லெயாந்த்ரோ பிரேக்கை மிதித்தான். ஹேண்ட் பிரேக் எப்போதோ செத்துப்போயிருந்தது. காலை எடுத்தால் கார் கூட்டத்துக்குள் பாயும்.

ஹூமில்கள் அவன் சட்டைக்குள் போயின, கழுத்தில் ஏறின. ஒன்று காதோரம் நின்று மீசையை ஆட்டியது. அவன் உடம்பு முழுக்க உதறியது. பிரேக்கில் வைத்த கால் மட்டும் அசையவில்லை.

"பின்னால போங்கய்யா! பின்னால போங்க!" என்று தலையை வெளியே நீட்டிக் கத்தினான். திறந்த வாய்க்குள் ஒரு ஹூமில் நுழைந்தது. கத்துகிற வேகத்தில் அதைக் கடித்துவிட்டான்.

அவன் கண்ணை மூடினான். மெதுவாக மென்றான். விழுங்கினான்.

"லவங்கப்பட்டை போட்ட மாதிரி இருக்கே!" என்றான் ஆச்சரியமாக.

அம்மா சிரித்த சிரிப்பில் அவள் தோளில் இருந்த ஹூமில்கள் உதிர்ந்தன. ஒதீலியா பின்னாலிருந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"ஏய், பிரேக்கு! பிரேக்கு!" என்று அலறினான் அவன். ஆனால் அவனும் சிரித்துக்கொண்டிருந்தான்.

விஷயம் புரிந்து, பேண்டுக்காரர்கள் ஊதுவதை நிறுத்தாமலே பின்னோக்கி நடந்தார்கள். நாங்கள் அங்குலம் அங்குலமாக அவர்களைத் தொடர்ந்து இறங்கினோம். சந்து முடியும் சின்னச் சதுக்கத்தில் ஒருவழியாகக் கதவுகள் திறந்தன. கூட்டம் காரைச் சூழ்ந்துகொண்டது. ஆளுக்கு இரண்டு ஹூமிலாகச் சீட்டிலிருந்து பொறுக்கித் தின்றார்கள். பெரிய ஊதுகுழல்காரர் தன் குழாய்க்குள் போனதை ஊதியே வெளியேற்றினார்.

அம்மா லெயாந்த்ரோவின் காதோரம் இருந்ததை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தாள். "இது ஒதீலியாவோட அப்பாதான். உங்க காதுல ஏதோ சொல்ல வந்திருக்கார், மாப்பிள்ளை" என்றாள். அதை மட்டும் தின்னாமல், பக்கத்துச் சுவரில் ஏற்றிவிட்டாள்.

லெயாந்த்ரோ யாரும் கேட்காமலே சீட்டிலிருந்து ஒன்றை எடுத்தான். வாயில் போட்டுக்கொண்டான். பிறகு இன்னொன்று.

"கல்யாணத்த எப்ப வச்சுக்கலாம்?" என்று கேட்டாள் அம்மா.

ஹூமில் சாற்றில் அவனுக்கு நாக்கு மரத்துப்போயிருந்தது. "தி... திழ... திழம்பழ்..."

"டிசம்பராம், அம்மா!" என்றாள் ஒதீலியா. பேண்டு மறுபடி முழங்கியது. அவள் அவன் கையைப் பிடித்துக் கூட்டத்துக்கு நடுவே இழுத்துக்கொண்டு போனாள்.