தொங்கிப் பார்த்தாச்சா?

1
இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. சொன்னவன் நான். பதினாறு வருடமாக வாரப் பத்திரிகைகளில் தொடர்கதை எழுதுகிறேன். பொய் எனக்குத் தொழில்தான். ஆனால் இந்தப் பொய்யை எழுதவில்லை. வேங்கிக்காலில், ஒரு வீட்டுக் கூடத்தில், கணவனைப் பறிகொடுத்த பெண்ணிடம் நேருக்கு நேர் சொன்னேன்.

2
முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'அன்று வானம் கழுவிவிட்டதுபோல்...'

வேண்டாம். அன்று நான் வானத்தைப் பார்க்கவே இல்லை.

இன்னொரு தொடக்கம். என் நண்பன் அஜிதன் கலெக்டர் ஆபீஸ் கிளார்க். ஞாயிறானால் ஹேங் கிளைடர். அது ஒரு முக்கோணச் சிறகு. உடம்பில் கட்டிய பட்டையை அதன் கொக்கியில் மாட்டி, தொங்கியபடி பறக்க வேண்டும். அண்ணாமலை மேலிருந்து பறக்க இந்த ஊரில் எவனும் நினைக்க மாட்டான். அதனால் செங்கம் பக்கம் ஒரு மொட்டைக் குன்று. சிறகின் மூக்கைப் பிடித்துக்கொள்வது என் வேலை. அவன் ஓடுவதற்கு முன் "தொங்கிப் பாத்தாச்சா?" என்று கேட்பதும் என் வேலை. அவன் தொங்கிக் காட்டுவான். கொக்கி மாட்டியிருப்பது உறுதியாகும். பிறகுதான் கையை எடுப்பேன்.

பொழுது சாய்வதற்குள் வீட்டில் இருப்பான். சமணக் குடும்பம், இருட்டினால் சாப்பாடு கிடையாது. மனைவி கனகலதா ஐந்தரைக்கே தட்டு வைத்துவிடுவார்.

3
நாய்க்குட்டி. (இந்தப் பகுதியை மூன்று நாள் தள்ளிப்போட்டேன்.)

பௌர்ணமிக்கு மறுநாள், அடி அண்ணாமலையில், கிரிவலம் போனவர்கள் வீசிய பாக்குமட்டைத் தட்டுகளுக்கு நடுவே கிடந்தது. அஜிதன் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தான். பைலட் என்று பெயர் வைத்தான். ஒரே மாதத்தில் அதுவும் ஐந்தரைக்குத் தயிர்சாதம் தின்னப் பழகிவிட்டது.

"இந்த வீட்லயே விரதம் ஒழுங்கா இருக்கறது இது ஒண்ணுதாண்ணா" என்பார் கனகலதா.*

* அவர் கடைசியாகச் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

4
அந்த ஞாயிறு பைலட்டும் குன்றுக்கு வந்தது. பைக்கில் கட்டிப்போட்டோம். நான் கேட்டேன், அஜிதன் தொங்கிக் காட்டினான். அப்போது குட்டி கயிற்றை உருவிக்கொண்டு ஓடிவந்து அவன் காலைச் சுற்றியது. கொக்கியைக் கழற்றிவிட்டுப் போய், அதைக் கட்டிவிட்டு வந்தான். சிறகைத் தூக்கினான்.

"இன்னா எழுத்தாளரே, கனவா? காத்து நல்லா இருக்கு, விடுங்க."

விட்டேன். ஓடினான். விளிம்பில் சிறகு மட்டும்

[இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை.]

5
கனகலதா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கேஸ் மூடியாச்சானு மூணு வாட்டி பாக்கற மனுஷன். மாட்டாம எப்படிண்ணா ஓடுவாரு?"

குட்டி கவனத்தைக் கலைத்துவிட்டது என்றேன். நடந்ததில் பாதி. நல்ல பொய்க்குப் பாதி உண்மை போதும்.

அன்றிலிருந்து அவர் பைலட்டைத் தொடுவதில்லை. ஐந்தரைக்குத் தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். அது தின்னாமல் கேட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. போன வாரம் சொன்னார்: "வர்ற பௌர்ணமிக்கு, எடுத்த எடத்துலயே விட்டுடுங்கண்ணா. அதுக்கு ஒண்ணும் தெரியாதுதான். என்னால பாக்க முடியல."

பௌர்ணமியன்று அந்தப் பாதையில் லட்சக்கணக்கான கால்கள். குட்டிக்கு மூன்று மாதம். சரிம்மா என்றேன்.

6
முடிவுகள்:

குட்டி தானே வழி கண்டுபிடித்து வீடு திரும்புகிறது. (இதற்கு நிறையக் கடிதம் வரும்.)

கடைசி நிமிடத்தில் கனகலதா மனம் மாறுகிறார். எதற்காக மாறுவார்? அவருக்குத் தெரிந்த கதையில் குற்றவாளி குட்டிதானே.

நான் உண்மையைச் சொல்கிறேன். கொக்கியைக் கழற்றிவிட்டுப் போய் வந்தவனிடம் இரண்டாம் முறை நான் கேட்கவில்லை. சிறகின் மூக்கைப் பிடித்தபடி, அந்த வார அத்தியாயத்துக்குக் கடைசி வரி தேடிக்கொண்டிருந்தேன். அவன் விடுங்க என்றபோது வரி கிடைத்தது.

அது அச்சிலும் வந்தது. நல்ல வரி என்றார்கள்.

7
இதோ, சொல்லிவிட்டேன். உங்கள் எல்லோரிடமும்.

ஆனால் அந்த வீட்டுக்கு இந்தப் பத்திரிகையை வாங்கிப்போனவன் அஜிதன். இப்போது அங்கே யாரும் வாங்குவதில்லை. அது தெரிந்துதான் இங்கே எழுதுகிறேன்.

இதழ் உங்கள் கைக்கு வரும்போது பௌர்ணமிக்கு நான்கு நாள் இருக்கும். வேங்கிக்காலில் இருக்கும் வாசகர் யாராவது இந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டுபோய் அவரிடம் கொடுத்தால், முடிவு மாறலாம். வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். பஸ் நிறுத்தத்தில் இறங்கி

[வழி எழுதியிருந்தேன். அச்சுக்குப் போகும் முன் அடித்துவிட்டேன். பெயர்களை முதலிலேயே மாற்றியாகிவிட்டது.]