திரைக்கு உள்ளே போனவன்

எனக்குப் புத்தகங்கள் மேல் நம்பிக்கை கிடையாது. ஐம்பது வருஷத்துக்கு மேலாகப் பைண்டிங் செய்கிறேன்; உள்ளே இருப்பது நூலும் பசையும்தான். படிப்பு மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டிப் படிப்பேன்.

காலேஜ் வாத்தியார் ஒருவர் பழைய பயணக் குறிப்பைத் தமிழில் மொழிபெயர்த்து, தாள் தாளாகக் கொண்டுவந்து கொடுத்தார். எழுநூறு வருஷத்துக்கு முன்னால் ஊர் ஊராகச் சுற்றிய ஒருவன், முஸ்லிம்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று எழுதி வைத்ததாம். எங்கள் ஊருக்கும் வந்து, ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டிருக்கிறான். தைக்கும்போது அந்தப் பக்கம் கண்ணில் பட்டது.

‘இவ்வூர்ப் பெண்கள் மணத்தை மறுப்பதே இல்லை. வீட்டு ஆண் ஒருவன் திரைக்குப் பின்னே சென்று கேட்டுவந்து, சம்மதம் என்கிறான். எல்லோரும் மகிழ்கிறார்கள்.’

ஊசி விரலில் ஏறியது. கடையில் என்னைத் தவிர யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. என் தங்கையின் மூச்சு எனக்குத் தெரியும். அவள் போய் ஐம்பத்தோரு வருஷம்.

மறுநாள் வாத்தியார் வந்தார்.

“சார், அந்தக் கல்யாண வரி பொய். எடுத்துடுங்க.”

“பாய், தைக்கத்தானே குடுத்தேன், படிக்கச் சொல்லலையே!”

“கண்ணைக் கட்டிக்கிட்டா தைக்க முடியும்?”

சிரித்தார். “அவரு நேர்ல பார்த்தவரு பாய். என் முன்னுரையே அந்த வரியிலதான் நிக்குது.”

“என்னத்தைப் பார்த்தான்? வெளிய உக்காந்து சோறு தின்னான். எங்க வீட்ல திரைக்கு உள்ள போனவன் நான்.”

சிரிப்பு நின்றது. சொன்னேன். தங்கையின் நிக்காஹ் அன்று சம்மதம் கேட்க வாப்பா என்னைத்தான் அனுப்பினார். மூன்று முறை கேட்டேன். வெளியே சபை நிறைந்திருந்தது. வந்து, ‘சம்மதம்’ என்றேன். எல்லோரும் மகிழ்ந்தார்கள். மாப்பிள்ளையோடு கப்பல் ஏறினாள். நாலாம் மாதம் மௌத்துச் செய்தி வந்தது. என்ன நோய் என்று அவர்கள் எழுதவில்லை; நாங்களும் கேட்கவில்லை.

“நீங்க கேட்டப்ப அவங்க என்ன சொன்னாங்க?”

இதுவரை யாரும் கேட்டதில்லை. வாயைத் திறந்தேன். வந்தது என் குரல் இல்லை.

“வேணாம்ணே. வேணாம். வேணாம்ணே.”

வாத்தியார் மெதுவாகத் தலையை உயர்த்தி, என் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அந்தத் தாளை உருவி, வரிக்குப் பக்கத்தில் எழுதினார்: ‘பயணி இதை வெளியே இருந்து கேட்டார். பெண் சொன்னது அவருக்குத் தெரியாது.’

அவர் தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். எதைப் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை.